சத்தம் வராத எஞ்சின்

ராயப்பன்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பங்கிராஸ் பயமறியாத ஆள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் பங்குப் பயத்தையும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன். நான் அவர் மனைவி, பாக்கியம். சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். படிப்புக்கும் தைரியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அவர் ஜீப் ஓட்டுகிறார். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பெண்களை விடியும் முன்னே ஏற்றிக்கொண்டு, கம்பம் போய், கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். நானும் அந்த ஜீப்பில் போகிறவள்தான். ஏலக்காய் எடுக்கிற வேலை.

அந்த மலையில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. மார்கழி நெருங்கினால் பனிமூட்டம் வேறு. ‘மஞ்சு இறங்கிருச்சு’ என்பார்கள் டிரைவர்கள், மலையாளச் சொல்லிலேயே. அப்போது முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடக் கண்ணில் படாது. ஏறுகிறவர் வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹார்ன் அடித்து, ஒரு மூச்சு பொறுப்பார். மேலேயிருந்து பதில் ஹார்ன் வந்தால் ஒதுங்கி நிற்பார். வராவிட்டால் திருப்புவார். அந்த ஒரு மூச்சு நேரம் டிரைவர் காதில்தான் ஜீப்பில் இருக்கிற அத்தனை பேர் உயிரும் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் வளைவுக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வேன். வளைவு பெரிசாக இருந்தால் இரண்டு சொல்வேன்.

அவருக்கு அதெல்லாம் கேலி. முன் சீட்டில் எப்போதும் ராக்கம்மாள் உட்காருவாள். ஐம்பது தாண்டியவள், எங்கள் கூட்டத்தில் வாயும் கையும் நீளமானவள். அவள் வராத நாளில் அந்த இடம் ஜக்கம்மாவுக்கு. யார் உட்கார்ந்தாலும் வளைவுகளில் அவர் தோளில் படபடவென்று தட்டுவார்கள். “ராக்கம்மாக்காவுக்கு உசுரு மேல என்னா ஆசை பாரு, வளைவுக்கு வளைவு தோளைப் பிய்க்கிறாக” என்று அவர் சிரிப்பார். பயந்த பெண்பிள்ளைகள் என்று நானும் சிரித்திருக்கிறேன், நானே ஒரு பயந்தாங்கொள்ளி என்பதை மறந்துவிட்டு.

ஒரு தடவை காட்டுமாடு ஒன்று நடுரோட்டில் நின்றது. ஜீப் உயரம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் கதவைத் திறந்து இறங்கி, “ஏலே, வழி விடுலே, நேரமாகுதுல்ல” என்றார். அது விட்டது. இது கதையில்லை, நான் கண்ணால் பார்த்தது. அன்றைக்கு எனக்கு வந்த காய்ச்சல் மூன்று நாள் நிற்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வியர்த்து நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு சின்னப் பொருளுக்கு முன்னால்தான். அது ஒரு ரயில் எஞ்சின். என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அநேக வீடுகளில் ஒரு சாமியாரோ ஒரு சிஸ்டரோ இருப்பார்கள். எங்கள் வீட்டுச் சாமியார் இவருடைய பெரியப்பா மகன் ஜெபமணி. ஜெர்மனியில் ஒரு பங்குக் கோவிலில் இருக்கிறார். போன வருசம் லீவுக்கு வந்தபோது, அங்கே யாரோ வீட்டைக் காலி செய்கையில் கொடுத்தது என்று ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே சிவப்பு டீசல் எஞ்சின், நான்கு பெட்டிகள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம். கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓடவிடச் சொன்னார்.

எங்கள் பக்கம் ரயில் கிடையாது. தேனிக்கும் போடிக்கும்தான் வருகிறது. அதனால் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட ரயிலைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம். எல்லாம் நன்றாகத்தான் போனது. டீக்கடைப் பாண்டீஸ்வரன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “என்ன பங்கிராசு, ஹார்ன் அடிக்காதா? ஊமை ரயிலா?” என்று கேட்கிற வரைக்கும்.

இவருக்கு முகம் செத்துவிட்டது. ஹார்ன் இல்லாத வண்டி ஒரு வண்டியா என்று ஆயுசு முழுக்கச் சொன்ன ஆள். அன்றைக்கே ஜெர்மனிக்குப் போன் போட்டார். இந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலம் தொடங்குகிற சமயத்தில், ஊருக்கு வந்த ஒரு சிஸ்டர் கையில் பார்சல் வந்து சேர்ந்தது. எஞ்சினுக்குள் வைக்கிற டிகோடர் சிப் ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கர்கள் இரண்டு, பொத்தான்கள் வைத்த புது டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்று. நிஜ எஞ்சினில் பதிவு செய்த இரைச்சலும் ஹார்னும் பிரேக் சத்தமும் அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறதாம்.

“இது ரொம்பச் சின்ன எஞ்சின்டா. இதுக்குள்ள வைக்க எடமே இல்லைங்கிறாக இங்க உள்ளவுக” என்று சாமியார் வீடியோ காலில் எச்சரித்தார். “ஒரு வயர் மாறினாக்கூட சிப்பு கருகிரும். கருகிருச்சுன்னா அதோட போச்சு. வேற இல்ல.”

“பாத்துக்கிறேன் சாமி” என்றார் இவர், ஜீப்புக்கு டயர் மாற்றுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தார். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை. எஞ்சினின் மேல்கூட்டை நகத்தால் விலக்கிக் கழற்றினார். உள்ளே இருந்ததெல்லாம் இரும்புக் கட்டியும் ஒரு மோட்டாரும்தான். ஸ்பீக்கருக்கு இடம் வேண்டுமே, அதற்காகப் பின்பக்கக் கட்டியை அரத்தால் ராவ வேண்டும். ராவுகிற தூள் மோட்டாருக்குள் போனால் அதுவும் போச்சு. அவர் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. “மூச்சு விடாத பாக்கியம், தூள் பறக்குது” என்றார். நான் மூச்சையும் அடக்கி, டார்ச்சையும் பிடித்து, மனசுக்குள் அந்தோணியாரையும் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். பொம்மை ரயிலுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை, சந்தர்ப்பம் கிடைத்தால் போதும்.

சிப்பிலிருந்து மயிரிழை மாதிரி வயர்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்கிற இடத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. அதற்கு முன்னால் மோட்டார் எந்த இடத்திலும் இரும்புக் கட்டியைத் தொடக்கூடாது. முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் தப்புவிடுவது அங்கேதான் என்று சாமியார் சொல்லியிருந்தார். இவர் மெல்லிய டேப்பை வெட்டி வெட்டி ஒட்டினார். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார். எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் கீ என்று கத்த வேண்டும்.

“மீட்டர் கத்த மாட்டேங்குது. கத்துறது கெட்டுப்போச்சு போல” என்றார், அதன் வயர் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து.

நான் அதற்குள் குழம்பைப் பார்க்க அடுப்படிக்குப் போயிருந்தேன். கீ என்று ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு டி.வி. என்று விட்டுவிட்டேன். அவர் மீட்டரில் தெரிகிற எண்ணைப் பார்த்தே வேலையை முடித்தார்.

வயர்களை ஈயத்தால் பற்றவைத்து, கூட்டை மாட்டி, தண்டவாளத்தில் ஏற்றி, அவர் பொத்தானை அமுக்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கிர்ர் என்று ஓர் எஞ்சின் உறுமல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, பாம் பாம் என்று இரண்டு சுருதியில் ஒரு ஹார்ன். சின்னதுதான், ஆனால் அத்தனை துல்லியம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கருகவில்லை! என் மாதாவே, கருகவில்லை! கறிவேப்பிலைக் கையோடு ஓடினேன்.

எஞ்சின் குடிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டே ஓடியது. அவர் தரையில் சம்மணம் போட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ஓடுது பாக்கியம். ஆனா சத்தம் வரலை” என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். “போதும் உங்க நடிப்பு” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பொத்தானை அமுக்கினார். பாம் பாம். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி அமுக்கினார். பாம் பாம். உதட்டைப் பிதுக்கினார். “ஸ்பீக்கர் டப்பாவுல காத்துப் போற சந்து இருக்கும். சந்து இருந்தா சத்தம் செத்துப்போகும்னு வீடியோவுல சொன்னாக.”

என் கையிலிருந்த கறிவேப்பிலை கீழே விழுந்தது.

“ஏங்க, எனக்குக் கேக்குதுங்க.”

“என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்லாத. தப்புன்னா தப்புன்னு சொல்லு, சரி பண்ணுவேன்.”

அவர் கூட்டைக் கழற்றினார். ஸ்பீக்கர் டப்பாவைச் சுற்றிப் பசை தடவினார். காயவிட்டு மறுபடி மாட்டினார். பாம் பாம். “இல்ல.” ஸ்பீக்கரையே மாற்றினார். பாம் பாம். “இதுவும் டெட்.” இரண்டு ஸ்பீக்கரும் எப்படிக் கெட்டுப்போகும், அந்தக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று புலம்பினார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன எஞ்சின் தெளிவாக ஹார்ன் அடித்தது. எனக்குள் பழசெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டார். எல்லாப் புருசன்மாரும் அப்படித்தான் என்று நினைத்தேன். டி.வி.யை அலறவிடுவார். பெரிய மனுசன் திமிர் என்று நினைத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். சேசுவே, அது வெறும் திட்டு, நிஜமாக்க வேண்டுமென்று யார் கேட்டார்கள்?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷீபா வாசலில் தலையை நீட்டினாள். “மதினி, அண்ணே ரயிலுக்கு ஹார்ன் வச்சுட்டாகளா! எங்க வீட்டு வரைக்கும் கேக்குதே!”

அவர் தலையை நிமிர்த்தினார். ஷீபாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஷீபா சிரித்த முகத்தோடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று தெரிந்து போய்விட்டாள்.

அவர் கன்ட்ரோலரில் சத்த அளவுக்கான எண்ணை உச்சத்துக்கு ஏற்றினார். எஞ்சின் வீரிட்டது. தெருநாய் குரைத்தது. நான் காதைப் பொத்தினேன். அவர் ஓடுகிற எஞ்சினை நிறுத்தி, அதன் முதுகில் ஒற்றை விரலை வைத்து, ஹார்ன் பொத்தானை அமுக்கினார். அமுக்கியபடியே இருந்தார். விரலை எடுக்கவில்லை.

“அதிருது” என்றார். “சத்தம் இருக்கு பாக்கியம். உள்ள இருக்கு.”

அதற்கப்புறம் நாங்கள் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். நாளைக்கு ஜீப்பை எடுக்காதீர்கள் என்றேன். “பொம்மை வண்டி ஹார்ன் கேக்கலைன்னா காது போச்சா? பஸ் ஹார்ன் கேக்குது. லாரி ஹார்ன் கேக்குது. இந்தா, நீ கத்துறது கேக்குது” என்றார்.

“பைக்கு?”

அவர் கன்ட்ரோலரின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

“மலையில வார பைக்கு ஹார்ன் கேக்குதாங்க உங்களுக்கு?”

“மலையில பைக்கே எப்பவாச்சும்தான் வருது” என்றார். அவருக்கே அது பொய் என்று தெரியும். அந்த ரோட்டில் பைக் வராத நாளே இல்லை. எப்பவாச்சும்தான் தனக்குக் கேட்கிறது என்பதைத்தான் அந்த மனிதர் அப்படிச் சொன்னார்.

“ஆளுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கு. ஏலக்காய் எடுப்பு நேரம். நாளைக்கு ஒரு நா போவோம். அப்புறம் தேனியில டாக்டரைப் பாப்போம்” என்று முடித்தார். தெருவில் படுத்து மறிக்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் காது நானாக இருப்பேன். முன் சீட்டில் நான் உட்கார்ந்து, கேட்கிற ஹார்னையெல்லாம் அவரிடம் சொல்வேன். அதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காலையில் ராக்கம்மாள் முன் கதவைத் திறக்கப் போக, நான் முந்திக்கொண்டு ஏறினேன்.

“ஏ பாக்கியம், அது என் எடம்.”

“ஒரு நாளைக்குப் பின்னால உக்காந்தா கொறைஞ்சா போயிருவீக?”

“அடியே, சொல்றதைக் கேளு. பின்னால போ.”

“போக மாட்டேன். என் புருசன் வண்டி.”

ராக்கம்மாள் ஜக்கம்மாவைப் பார்த்தாள். ஜக்கம்மா பின்னால் உட்கார்ந்திருந்த ராமுத்தாயைப் பார்த்தாள். ராக்கம்மாள் வாயை மூடிக்கொண்டது அதிசயம். அவள் பின்னால் ஏறி, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்தவளை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தாள்.

அடிவாரம் தாண்டியதும் மஞ்சு இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ஜீப் எஞ்சினின் இரைச்சலில், சத்தம் எது, பயம் எது என்று எனக்குப் பிரிக்கவே தெரியவில்லை. தகரம் ஆடினால் ஹார்ன் மாதிரி இருந்தது. காற்று அடித்தால் ஹார்ன் மாதிரி இருந்தது. முதல் வளைவில் அவர் நீளமாக அடித்துப் பொறுத்தார். நான் கழுத்தை வெளியே நீட்டிக் கேட்டேன். ஒன்றுமில்லை. திருப்பினார். அடுத்ததில் ஒரு கேரள பஸ் மேலேயிருந்து ஊதியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டு ஒதுங்கினார். “பாத்தியா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பாருங்கள் என்று கத்தினேன். ஆனாலும் மனசுக்குள் கொஞ்சம் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. ஒருவேளை எல்லாம் என் பயம்தானோ?

அதற்கடுத்த வளைவு பள்ளத்தின் பக்கம் குறுகலானது. அவர் ஹார்ன் அடித்தார். பொறுத்தார். எனக்கு மேலேயிருந்து கேட்டது, பீப் பீப் பீப் என்று, மெல்லிசாக, வேகமாக இறங்கி வருகிற பைக்.

“ஏங்க, வண்டி!” என்று கத்தினேன்.

அவர் கியரைப் போட்டார்.

“ஏங்க! வண்டி வருது! நில்லுங்க!”

அவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பத் தொடங்கினார். என் குரல் என் காதிலேயே அறைந்தது. அவர் முகம் நிதானமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு கை பாய்ந்து வந்து அவர் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தது. அவர் பிரேக்கை மிதித்தார். ஜீப் உலுக்கி நின்றது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பைக், இரண்டு பக்கமும் பால் கேன்களோடு, எங்கள் பம்பரை உரசிக்கொண்டு சறுக்கி, பாறைப் பக்கம் போய்ச் சாய்ந்தது. எங்கள் முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பைக்கில் வந்தவன் எழுந்து நின்றான். அடி இல்லை. எங்கள் பக்கம் வந்து, “சேட்டா, இத்தற ஹார்ன் அடிச்சது கேட்டில்லே?” என்று அலறினான்.

இவ்வளவு ஹார்ன் அடித்தது கேட்கவில்லையா என்கிறான். ராக்கம்மாள் என் மேல்தான் பாய்ந்தாள்.

“கத்துனா அவனுக்கு எங்கிட்டுடி கேக்கும்? தட்டணும்! தட்டணும்னு தெரியாதா உனக்கு?”

அவள் என்ன சொல்லிவிட்டாள் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“ராக்கம்மாக்கா, உங்களுக்குத் தெரியுமா?”

ராக்கம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள்.

“ராமுத்தாயக்கா?”

“போன மழைக்கு முந்தியே தெரியும்யா” என்றாள் ராமுத்தாய். “ஒரு நா இதே மாதிரி ஒருத்தன் அடிச்சுக்கிட்டே வந்தான். நீ பாட்டுக்குத் திருப்புன. ராக்கம்மா பயத்துல உன் தோள்ல அடிச்சா, நீ நின்ன. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. அதுல இருந்து முன்னால யாராச்சும் ஒருத்தி காதைத் தீட்டிக்கிட்டு வாரோம்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ வண்டியை நிறுத்திருவ அண்ணே” என்றாள் ஜக்கம்மா. “அப்புறம் தோட்டத்துக்காரவுக எங்களை எவன் வண்டியில அடைப்பாக? தண்ணியைப் போட்டுட்டு ஓட்டுறவனும், போன்ல பேசிக்கிட்டே ஓட்டுறவனும்தான் மிச்சம். உனக்குக் காது மட்டும்தான் இல்ல. அவனுகளுக்குப் புத்தியே இல்ல.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!” என்று நான் அழுதேன்.

“உன்கிட்டயா? நீ அன்னைக்கே மாரடிச்சு ஊரைக் கூட்டியிருப்ப” என்றாள் ராக்கம்மாள். அது உண்மைதான். அதனால் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அவர் இறங்கினார். இறங்கிப் பள்ளத்துப் பக்கம் போய், முன்சக்கரம் நிற்கிற இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காட்டுமாட்டை அதட்டிய மனிதர் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எத்தனை தடவை பாக்கியம்?” என்று கேட்டார். “ராக்கம்மாக்கா தட்டாத வளைவு எத்தனை இருக்கும்? அதுல எத்தனை பேரு ஹார்ன் அடிச்சிருப்பாக?” அதற்கு யார் பதில் சொல்ல முடியும்? நான் போய் அவர் முதுகைத் தடவினேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“என்னால முடியாது” என்றார் எல்லாருக்கும் பொதுவாக. “இனிமே இந்த வண்டியை நான் தொட மாட்டேன். உங்க பிள்ளைகுட்டிகளுக்கு நான் பதில் சொல்ல முடியாது.” ராமுத்தாய் ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

மேலே ஆட்களை இறக்கிவிட்டு வெறும் ஜீப்பாக வந்த ஈஸ்வரபாண்டி எங்களைப் பார்த்து நிறுத்தினான். இளவட்டம், எங்களுக்குத் தூரத்துத் தெரு. நடந்ததைச் சொன்னதும் தன் வண்டியை அகலமான இடத்தில் ஒதுக்கிவிட்டு வந்து, எங்கள் ஜீப்பைப் பின்னால் எடுத்து நேராக்கினான். பால்காரனும் ஏசிக்கொண்டே ஒரு கை கொடுத்தான்.

“அண்ணே, முன்னால உக்காருங்க” என்றான் ஈஸ்வரபாண்டி, எங்களைத் தோட்டத்தில் விடத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்து.

“ராக்கம்மாக்கா உக்காரட்டும்” என்றார் அவர்.

பின்னால் எனக்கும் ராமுத்தாய்க்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். சொந்த ஜீப்பில் அவர் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. அங்கேயிருந்து ரோடு தெரியாது. பின்பக்கத் திறப்பில் பள்ளமும் வெள்ளை மூட்டமும்தான் தெரியும். ஈஸ்வரபாண்டிக்கு வேகம் பிடிக்கும். ஜீப் ஒருபக்கம் சாய்ந்து ஏறியது. வளைவுக்கு முன்னால் அவன் நீளமாக ஹார்ன் அடித்தான். அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“பாக்கியம், மேல ஏதாச்சும் கேக்குதா?”

காதைத் தீட்டிக் கேட்டு, அவருக்குத் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினேன். “ஒண்ணும் இல்லைங்க.”

“நல்லாக் கேளு.”

“இல்லைங்க.”

அவர் நம்பவில்லை. ராமுத்தாய் முகத்தைப் பார்த்தார். அவளும் இல்லை என்று தலையாட்டினாள். ஜீப் திரும்பியது. அவர் மூச்சை விட்டார். பிறகு என் காதோரம் குனிந்து கேட்டார், “இத்தனை வருசமும் இப்பிடித்தான் உக்காந்து வந்தியா?”

“ஆமாங்க” என்று தலையாட்டினேன். அதற்குள் ஈஸ்வரபாண்டி அடுத்த ஹார்ன் அடித்துவிட்டான். அவர் பிடி இறுகியது.

“இப்ப கேக்குதா, பாக்கியம்?”